அலமாரியில் ஒரு முட்டை

மார்ச் 3, திங்கள் மாலை

அன்புள்ள ரொட்டிக்காரருக்கு,

நலமா? ஒரே வீட்டில் குடியிருந்துகொண்டு நலம் விசாரித்துக் கடிதம் எழுதிக்கொள்கிற புருஷன் பெண்டாட்டி இந்தத் தெருவில் நாம் மட்டும்தான் இருப்போம். நீங்கள் பேக்கரிக்குக் கிளம்பிய பிறகு நான் வருகிறேன். நான் சலவைக்கூடத்துக்குக் கிளம்பிய பத்தாவது நிமிஷம் நீங்கள் வருகிறீர்கள். என்றைக்காவது படிக்கட்டில் எதிர்ப்பட்டுவிட்டால் அதுவே நமக்குத் திருவிழா.

போனில் செய்தி அனுப்பிப் பார்த்தோமே, அது என்ன லட்சணத்தில் முடிந்தது? "கேஸ் தீந்துடுச்சு." "ஃபீஸ் கட்டணும்." "இன்னுமா கட்டல?" போன் சத்தம் போட்டாலே எடுத்துக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்துவிட்டேன். அதனால்தான் இனி அலமாரியில் கடிதம் வைப்போம் என்றேன். 'அன்புள்ள' என்று ஆரம்பித்துவிட்டால் அதற்கப்புறம் திட்டுவது கஷ்டம் என்று ஒரு நம்பிக்கை. இன்றைக்கு அதையும் சோதித்துப் பார்த்துவிடலாம்.

வீட்டு ஓனர் வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வாடகை ஏறுகிறதாம். "எல்லாமே ஏறிப்போச்சும்மா, நான் மட்டும் என்ன பண்றது?" என்று என்னிடமே நியாயம் கேட்டார். சம்பளம் ஏறவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். நம் வாலு பக்கத்தில் நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழுங்கிவிட்டேன்.

அதைவிடப் பெரிய இடி, கீழ்வீட்டுத் தையல் அக்காவுக்கும் வாடகையை ஏற்றிவிட்டார். அக்கா நாளைக்கே காலி செய்துகொண்டு மகள் வீட்டோடு போகிறார். நீங்கள் ஐந்து மணிக்குக் கிளம்பினால் நான் வந்து சேர ஆறரை ஆகிறது. அந்த இடைவெளியில் இனி வாலுவை யார் பார்த்துக்கொள்வது? ஏழு வயதுப் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டா போக முடியும்? பெரிய சாலையில் இருக்கிற பிள்ளைகள் காப்பகத்தில் விசாரித்தேன். அவர்கள் கேட்பதைக் கொடுத்தால், நான் வேலைக்குப் போவதே அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் என்றாகிவிடும்.

என் அக்காவிடம் புலம்பினேன். "பிள்ளைய ஒரு வருஷம் எங்கிட்ட விடு. நீங்க ரெண்டு பேரும் முதல்ல தலை நிமிருங்க" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குத்தான் அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. ரயிலில் ஒரு இரவு தூரத்தில் நம் பிள்ளையா?

கடைசியாகத் திட்டு. அவித்த முட்டையை ஏன் அப்படியே வைத்துவிட்டுப் போனீர்கள்? அது உங்களுக்கு. அனலில் நிற்கிற உடம்பு. வாலு தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டாள். எனக்கு முட்டை வாடை பிடிக்கவில்லை என்று எத்தனை தரம் சொல்வது?

உங்கள்
இஸ்திரிக்காரி


மார்ச் 4, செவ்வாய், நாலு மணி

என் அன்பு இஸ்திரிக்கு,

'அன்புள்ள' போட்டும் நன்றாகவே திட்ட வருகிறது உனக்கு. வாழ்க.

முட்டை வாடை பிடிக்காதா? கல்யாணமான புதிதில் என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றது யார், பக்கத்து வீட்டுப் பூனையா? விலை ஏறின பிறகுதான் உனக்கு மூக்கு இவ்வளவு கூர்மையாகியிருக்கிறது. முட்டையைத் திரும்ப அங்கேயே வைத்திருக்கிறேன். மரியாதையாகச் சாப்பிடு.

தினமும் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வரட்டுமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். "ஏன்யா, மாவு உனக்காகப் பொங்காம உக்காந்திருக்குமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இன்றைக்கும் நாளைக்கும் மட்டும் எதிர்வீட்டம்மா வாலுவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்கே மூன்று பிள்ளைகள். தினமும் கேட்க முகம் இல்லை.

வாலு இன்றைக்குப் பள்ளியிலிருந்து வருகிற வழியில், "அப்பா, நாம ஏழையா?" என்றாள். எனக்குத் திக்கென்றது. "அதெல்லாம் இல்லம்மா, இப்ப கொஞ்சம் டைட்டு, அவ்வளவுதான்" என்றேன். தலையாட்டிக்கொண்டாள். நாளைக்கு டீச்சரிடம் போய் எங்கள் வீடு டைட்டு என்று சொல்லாமல் இருக்க வேண்டும்.

இன்னொன்று. அவள் ஒரு மாதிரி விரலை மடக்கி நடக்கிறாள். "ஷூ கடிக்குதாம்மா?" என்றேன். "இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு" என்றாள். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால் கட்டைவிரல் சிவந்திருக்கிறது. யாரிடமிருந்து கற்றுக்கொண்டாள் இந்தப் பேச்சை? உன்னிடமிருந்துதான். சரி, என்னிடமிருந்தும்.

அக்கா வீட்டுப் பேச்சு வேண்டாம். பிள்ளையை அனுப்பிவிட்டு யாருக்காக நான் அந்த அடுப்பு முன்னால் நிற்பது?

உன்
ரொட்டிக்காரன்


மார்ச் 5, புதன் மாலை

அன்புள்ள ரொட்டிக்காரருக்கு,

ஷூ விஷயம் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. கட்டைவிரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறேன். அது மருந்தில்லை என்று எனக்கும் தெரியும்.

நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பேருந்தில் வருகிற யாராவது சொல்லிவிடுவார்கள். வரும்போது நான் பாதி வழியிலேயே இறங்கி நடந்துவிடுகிறேன். டிக்கெட்டும் ஏறிவிட்டது. உடம்புக்கு நல்லதுதானே என்று சொல்லிக்கொள்கிறேன். நாள் முழுக்க ஆஸ்பத்திரி விரிப்புகளை நீராவியில் தேய்த்துவிட்டு வந்தவளுக்கு நடைப்பயிற்சி வேறு! இன்றைக்கு வாலு எதிர்வீட்டு வாசற்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் உள்ளே கூப்பிட்டும் போகவில்லையாம். "அவங்க சாப்பிடுற நேரம்மா, நான் போனா எனக்கும் போடணும்ல" என்கிறாள். ஏழு வயதில் இந்த யோசனை எதற்கு இவளுக்கு? எனக்கு அழுகையாக வந்தது. அவள் முன்னால் அழவில்லை.

காலையில் அலாரம் அடிப்பதற்கு முன்னாலேயே விழித்துவிடுகிறேன். வாடகை, ஃபீஸ், ஷூ, எதிர்வீட்டம்மாவின் முகம். எல்லாம் வரிசையில் நிற்கிறது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் எழுப்பிச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவேன். தலையணையிடம் எவ்வளவுதான் சொல்வது?

நாளை வியாழன், எங்களுக்கு அரை நாள். வழக்கம்போல வாலுவை நானே கூட்டி வந்துவிடுகிறேன். நீங்கள் அன்றைக்காவது நிம்மதியாகத் தூங்குங்கள்.

முட்டை கெட்டுப்போய்விட்டது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று அவித்து வைத்திருக்கிறேன். உங்களுக்குத்தான். சண்டை வேண்டாம்.

உங்கள்
இஸ்திரிக்காரி


மார்ச் 6, வியாழன், மதியம்

அன்பு இஸ்திரிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். பேக்கரியிலிருந்து போன். பகல் அடுப்பு ஆளுக்குக் காய்ச்சலாம், என்னை வரச் சொல்கிறார்கள். இரட்டைச் சம்பளம். மாதத்தில் இப்படி நாலு நாள் கிடைத்தால் ஏறின வாடகையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நீ இப்போது வந்துவிடுவாய், வாலுவையும் கூட்டி வந்துவிடுவாய் என்பதால்தான் ஒப்புக்கொண்டேன். கோபப்படாதே. தூக்கத்தை நாளைக்கு வட்டியோடு தூங்கிக்கொள்கிறேன்.

முட்டை உனக்கு.

ரொட்டிக்காரன்


மார்ச் 6, வியாழன், விளக்குப் போட்ட பிறகு

உங்களுக்கு,

'அன்புள்ள' போட இன்றைக்குக் கை வரவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை. யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

ராத்திரி வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே படுத்திருக்கிறீர்கள். தூங்குகிறீர்களா, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறீர்களா, தெரியாது. பள்ளிக் கேட்டிலிருந்து வீடுவரை நடுவில் வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தோமே, ஒரு வார்த்தை பேசினோமா? பேச வேண்டியதை எழுதித்தானே நமக்குப் பழக்கம்.

இன்றைக்கு மதியம் நான் கிளம்பும் நேரத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து விரிப்புகள் கூடுதலாக வந்துவிட்டன, நிற்கிறவர்களுக்கு ஓவர்டைம் என்றார்கள். எனக்கு உடனே வாலுவின் ஷூதான் கண்ணில் வந்தது. நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், எழுந்து போய்க் கூட்டி வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். வேலை நேரத்தில் போன்களைப் பூட்டி வைக்கிற பெட்டியிலிருந்து என் போனை எடுத்து உங்களுக்கு ஒரு செய்தி போட்டுவிட்டு, திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். அந்த நேரம் நீங்கள் அடுப்பு முன்னால். உங்கள் போனும் பெட்டிக்குள். உங்கள் கடிதம் ஆளில்லாத வீட்டில். எவ்வளவு அழகாகத் திட்டம் போட்டிருக்கிறோம் பாருங்கள், எதிரிகூட இப்படிப் போட மாட்டான்.

பள்ளியிலிருந்து இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றி அடித்திருக்கிறார்கள். பிறகு தையல் அக்காவுக்கு. அவர் இருப்பது இப்போது வேறு ஊரில். போனைத் திறந்து அத்தனை தவறிய அழைப்புகளைப் பார்த்ததும் அப்படியே வெளியே ஓடினேன். எப்படி ஆட்டோ பிடித்தேன், என்ன கொடுத்தேன், ஞாபகமில்லை. நீங்கள் அந்தப் பக்கமிருந்து மாவு படிந்த சட்டையோடு ஓடி வருகிறீர்கள், நான் இந்தப் பக்கமிருந்து. பகல் வெளிச்சத்தில் உங்கள் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாகிறது! இவ்வளவு இளைத்துவிட்டீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

கேட்டுக்காரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நீங்கள் வாலுவைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள், உங்களுக்குக் கேட்டிருக்காது. எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு அவர் வாலுவிடம், "பயப்படாத கண்ணு, அம்மா வந்துடுவாங்க" என்றாராம். இவள் அழவில்லையாம். சாவகாசமாகப் பதில் சொன்னாளாம்:

"அம்மா, அப்பா வருவாருன்னு நினைச்சிருப்பாங்க. அப்பா, அம்மா வருவாங்கன்னு நினைச்சிருப்பாரு. எங்க வீட்டுல முட்டையும் இப்படித்தான் ஆன்ட்டி. ரெண்டு பேரும் விட்டுக்குடுத்து விட்டுக்குடுத்து, கடைசில கெட்டுப்போயிடும்."

அவள் யார் மேலும் குறை சொல்லவில்லை. நம்மை அவளுக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அக்காவுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து வாலுவைக் கூட்டிப்போகிறேன் என்றாள். சரி என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, வாலுவின் துணியை எடுத்து வைக்க எனக்குக் கை வரவில்லை. இங்கே நம்மோடு இருந்து தெருவில் நிற்பதைவிட அங்கே பத்திரமாக இருக்கட்டும் என்கிறது ஒரு மனசு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? எனக்காக விட்டுக்கொடுத்து ஒரு பதில் எழுதாதீர்கள். உங்களுக்கு என்ன வேண்டும், அதை எழுதுங்கள்.

இஸ்திரிக்காரி


மார்ச் 8, சனி காலை

அன்புள்ள ரொட்டிக்காரருக்கு,

நேற்று அலமாரியில் கடிதம் இல்லை. இரண்டு தரம் தேடிவிட்டேன். நேற்று நீங்கள் எதிர்வீட்டம்மாவிடம் வாலுவைப் பள்ளியிலிருந்து வந்த கையோடு விட்டுவிட்டு எங்கேயோ போனதாகச் சொன்னார்கள். எங்கே என்று அவர்களுக்கும் தெரியவில்லை. வைத்த முட்டையையும் காணோம். நீங்கள் சாப்பிட்டிருந்தால் சந்தோஷம், ஆனால் எனக்கென்னவோ அதுவும் பயமாகத்தான் இருக்கிறது.

அக்கா இன்று இரவு ரயில் ஏறுகிறாள். வாலுவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் துணிகளைப் பையில் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். ஒரு வரியாவது எழுதுங்கள். 'அனுப்பு' என்றாவது எழுதுங்கள்.

உங்கள்
இஸ்திரிக்காரி


மார்ச் 8, சனி மாலை

என் அன்பு இஸ்திரிக்கு,

அறைக் கதவைத் திறந்ததும் பயந்துவிடாதே. உள்ளே பாயில் படுத்திருப்பது நான்தான். இந்த நேரத்தில் நான் அடுப்பு முன்னால் நிற்க வேண்டியவன் என்று உனக்குத் தெரியும். வேலை போய்விடவில்லை. முழுக்கப் படி.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாய். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை, நானும் உன்னைக் கேட்டதில்லை. எனக்கு வாலு இங்கே வேண்டும். நீயும் வேண்டும், அலமாரியில் இல்லை, ஆளாக வேண்டும்.

பதில் எழுத உட்கார்ந்தால் எல்லாம் வெறும் வார்த்தையாக இருந்தது. அதனால் எழுதாமல் அலைந்தேன். பகல் பேக்கிங்கில் ஒரு இடம் காலியாக இருந்தது. ரொட்டியை உறையில் போட்டு அடுக்குகிற வேலை. வாலுவைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகலாம், பள்ளி விடும் நேரத்துக்குக் கேட்டில் நிற்கலாம். சம்பளம் குறைவு. "அடுப்பு ஆளு எதுக்குய்யா உறை போடப் போற?" என்று சூப்பர்வைசர் சிரித்தார். இந்தத் தரம் நான் சிரிக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அங்கேதான் எனக்கு வேலை.

குறைந்த சம்பளத்தில் இந்த வீடு நமக்குக் கட்டாது. பேக்கரிக்குப் பின்தெருவில் ஒற்றை அறை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இன்னும் சரி சொல்லவில்லை, நீ பார்த்த பிறகுதான். உன்னைக் கேட்காமல் உனக்காக ஒன்றைச் செய்வது இனி இல்லை. குழாய் பொது. ஜன்னலைத் திறந்தால் பேக்கரிச் சுவர்தான் தெரியும். உனக்கு நடை கூடும், அதை மறைக்க மாட்டேன். நீ நீட்டிப் படுத்தால் வாலுவின் கால் உன் மேல், என் கால் சுவர் மேல். அவ்வளவுதான் இடம்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. அடுத்த மாதம் எதன் விலை ஏறுமோ என்று இப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நீ காலையிலும் நான் சாயங்காலமுமாகத் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தோமே, இனி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பயப்படலாம்.

உன் அக்காவுக்கு நானே போன் செய்துவிட்டேன். டிக்கெட்டைத் திருப்ப வேண்டாம், வந்து நாலு நாள் இருந்துவிட்டுத் தனியாகப் போகட்டும் என்றேன். அழுதார்கள், அப்புறம் திட்டினார்கள். உன் அக்கா இல்லையா!

நேற்று முட்டையைத் தின்றது நானும் வாலுவும். இன்றைக்கு ஒன்று அவித்து, அவளையே மூன்றாக வெட்டச் சொன்னேன். சரிசமமாக வரவில்லை. பெரிய துண்டை அவள் எடுத்துக்கொண்டாள், யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. என் பங்கை நான் சாப்பிட்டுவிட்டேன். உன் பங்கு தட்டில் மூடியிருக்கிறது.

இதற்குப் பதில் எழுதாதே.

எழுப்பு.

உன்
ரொட்டிக்காரன்