போணிக்கு ஒரு ‘அனுப்பலாம்’

செப்டம்பர் 8, 1955

இன்று அப்பா கடை திறந்தார். கடை என்றால் எங்கள் முன்னறைதான். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, வாசலில் ‘ஏற்றுமதி பெர்மிட் ஆலோசனை’ என்று பலகை. தமிழ் மறந்துபோன செட்டி வம்சத்து எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, சாமானே இல்லையே, என்ன விற்கப் போகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். எந்தச் சரக்கு எந்த நாட்டுக்குப் போகலாம், எது கூடாது என்று சொல்வதற்கு அப்பா கூலி வாங்குவார். சுங்க ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தபோது பார்த்ததும் இதே வேலைதான்.

முதல் ஆளாக ரப்பர் வியாபாரி ஹாஜா மாமா வந்தார். ரப்பர் ஷீட்டை ஹாங்காங்குக்கு அனுப்பலாமா என்று கேட்டார்.

“முடியாது. அங்கேருந்து சீனாவுக்குத்தான் போகும். தடை இருக்கு.”

“என்ன கிராணியாரே, போணி நேரத்துலயே முடியாதுங்கிறீங்க,” என்று சிரித்தவர், கூலி வைக்காமலே எழுந்து போனார்.

அம்மா அடுப்படியில் அழுதாள். சரக்கே இல்லாவிட்டாலும் முதல் ஆளிடம் எந்தக் கடைக்காரனும் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டானாம்.

செப்டம்பர் 19

ஒருவரும் வரவில்லை.

அக்டோபர் 3

நாலைந்து பேர் வந்தார்கள். எல்லோருக்கும் முடியாதுதான். கடைத்தெருவில் ‘முடியாது கடை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளியில் ஜெயா கேட்கிறாள்: “முடியாதுன்னு சொல்றதுக்கா உங்கப்பா பலகை மாட்டியிருக்காரு?” அப்பா ஒரு தடவையாவது ‘பார்க்கலாம்’ என்று சொன்னால் என்ன? துறைமுகத்து ஏஜெண்டு எதற்கும் தலையாட்டுகிறாராம். கூட்டமெல்லாம் அங்கேதான்.

அக்டோபர் 21

அப்பாவும் அம்மாவும் பேசியது என் காதில் விழுந்துவிட்டது. கடை ஓடாவிட்டால் டிசம்பரோடு என் படிப்பு நின்றுவிடும். கிளேபாங்கில் கமலவேணி அத்தை வீட்டில் தையல் வேலைக்கு விட்டுவிடுவார்கள். சொன்னது அப்பா — அப்பாவேதான்.

யார்கிட்ட சொல்றது? ஒரே ஒரு பொய் சொல்லுங்கப்பான்னு கேக்கவா? அடிப்பாரு. இந்த நோட்டைப் பாத்தாலும் அடிப்பாரு.

நவம்பர் 9

ஏஜெண்டை நம்பி அனுப்பிய ஹாஜா மாமாவின் ரப்பர் சிங்கப்பூரில் பிடிபட்டதாம். அப்பா சந்தோஷப்படவில்லை. பாவம், பிள்ளைகுட்டிக்காரர் என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஹாஜா மாமா மேல் இல்லை, அப்பா மேல். சரியாகச் சொல்லி என்ன கண்டோம்?

நவம்பர் 24

ஹாஜா மாமா அடுத்த சரக்குக்கு யோசனை கேட்க வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னறைக்கே வந்துவிட்டாள். வெளி ஆட்கள் இருக்கும்போது அங்கே காலே வைக்க மாட்டாள்.

“அண்ணே, போகக்கூடிய சாமான் ஒண்ணை மொதல்ல கேளுங்க. போணி ஆகட்டும். அப்புறம் மத்ததைக் கேளுங்க.”

ஹாஜா மாமா தாடியைத் தடவினார். “சரி தங்கச்சி. கிராணியாரே, தேங்காயை சிங்கப்பூருக்கு அனுப்பலாமா?”

அப்பா அம்மாவை முறைத்தார். பிறகு, “தாராளமா அனுப்பலாம்” என்றார்.

ஹாஜா மாமா கூலியை மேஜைமேல் வைத்துவிட்டு ரப்பரைப் பற்றி ஆரம்பித்தார். அப்பா முடியாது, முடியாது என்று அடுக்கினார். இந்தத் தடவை ஹாஜா மாமா சிரிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டுக்கொண்டார்.

டிசம்பர் 28

பழைய இரும்பு வியாபாரி பொன்னுதுரை காலையில் வந்தார். உட்கார்ந்ததுமே, யாரும் சொல்லாமல், தேங்காயை சிங்கப்பூருக்கு அனுப்பலாமா என்று கேட்டார். அவருக்கும் தேங்காய்க்கும் சம்பந்தமே இல்லை. அப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே அனுப்பலாம் என்றார். போன வாரம் வந்த மூன்று பேரும் இப்படித்தான் ஆரம்பித்தார்கள்.

அத்தை வீட்டுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கேட்க எனக்கும் பயம். சாயங்காலம் அம்மா என் பள்ளி கவுனின் அடிமடிப்பைப் பிரித்து, நீளமாக்கித் தைத்துக்கொண்டிருந்தாள்.