ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து பவுண்டு

சால்மன், ஐடஹோ
செப்டம்பர் 9

அன்பு மகன் ரீடுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் ஜொலீனும் குழந்தை வைலியும் சுகமா என்று முதலில் கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. உன் அப்பாவுக்குக் காயம் ஆறிவிட்டது, தையல் பிரித்தாயிற்று, முழங்காலுக்குக் கீழே இல்லாத கால் அரிக்கிறது என்று தூக்கத்தில் கையை விட்டுத் தேடுகிறார். நீ அனுப்பிய பூங்கொத்து வந்தது. வாடியும் போனது. ஆப்பிள் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது, பறிக்கத்தான் ஆள் இல்லை. போன வாரம் போனில் நீ, அது எப்படிம்மா ஆச்சு, அப்பா நாப்பது வருஷம் வண்டி ஓட்டினவராச்சே என்று கேட்டாய். அப்பா பக்கத்தில் இருந்ததால் என்னால் வாய் திறக்க முடியவில்லை. இப்போது அவர் தூங்குகிறார், சொல்கிறேன், பொறுமையாகப் படி.

டிரக்கின் முதுகில் ஏற்றிவைத்து உள்ளேயே படுத்துத் தூங்கும் கேம்பர் கூடு வாங்கலாமா என்று மார்ச்சில் அவர் உன்னைக் கேட்டார், என்னைக் கேட்கவில்லை. ஜல்லிக் குவாரி எடைமேடையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவள் நான். எத்தனை லாரிக்காரன் ஜன்னலில் தலையை நீட்டி, லவோன் அக்கா, கொஞ்சம் கண்டுக்காம விடுங்க என்று கெஞ்சியிருக்கிறான், ஒருத்தனை விட்டதில்லை. அந்த என்னை விட்டுவிட்டு ஃபேர்பேங்க்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் உன்னைக் கேட்டார். நீயும் சொன்னாய், பின்னாடி ரெண்டு காத்துப் பை மாட்டுங்கப்பா, வண்டி மட்டமா நிக்கும், ஒண்ணும் ஆகாது என்று. அதைக் காப்பிக் கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார், எம் பையன் சொல்லிட்டான் என்று.

ரீட், காற்றுப் பை வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். அச்சு அதே அச்சு, டயர் அதே டயர், பிரேக்கும் அதேதான். தொங்கிக்கொண்டிருக்கிற வண்டி பார்க்கிறவனுக்காவது பயம் காட்டும், மட்டமாக நிற்கிற வண்டி அதையும் காட்டாது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது, ஆட்களும் சாமானும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து பவுண்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு அவருக்கு வாசித்தே காட்டினேன். கேம்பர் விற்றவன் கொடுத்த தாளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார், ஆயிரத்து நானூற்றி இருபதுதான், இன்னும் தொண்ணூறு மிச்சம் இருக்கு, நீ எதுக்கெடுத்தாலும் அபசகுனமாப் பேசாதே என்றார். அது வெறும் கூட்டின் எடைங்க என்றேன். குளிர்சாதனம், இரண்டாவது பேட்டரி, வெய்யில் துணி, தூக்கி நிறுத்தும் கால்கள் எல்லாம் அப்புறம் மாட்டியது, அதுவே முந்நூறு. முப்பது கேலன் தண்ணீர் இருநூற்று ஐம்பது. கேஸ் உருளை நாற்பது. அவரும் நானும் சேர்ந்தால் முந்நூற்றுத் தொண்ணூறு, வெட்கப்பட என்ன இருக்கிறது, நாய் டோபி எழுபது. மற்றச் சாமான் இன்னொரு முந்நூறு. கூட்டிப் பார், இரண்டாயிரத்து எழுநூற்று எழுபது. குவாரியில் இப்படி ஒரு லாரி வந்திருந்தால் அதே இடத்தில் பாதியைக் கொட்டிவிட்டுப் போடா என்றிருப்பேன்.

ஆனால் என்னையும் சும்மா விடமாட்டேன். எடைமேடைக்குக் கொண்டுபோங்க என்று இரண்டு தடவை சொன்னேன், மூன்றாவது தடவை சொல்லவில்லை. சொன்னால் உன் வீட்டுக்கு வரும் பயணமே நின்றுபோகும் என்று தெரியும். மூன்று வயசாகியும் வைலியை நான் ஒருமுறை தூக்கவில்லை. கண்ட இடத்துத் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று தொட்டியை நிரப்பச் சொன்னவள் நான். ஹக்கிள்பெர்ரி ஜாம் முப்பத்தாறு பாட்டில், இரும்பு வாணலி இரண்டு, குழந்தைக்கு மரக் குதிரை, எல்லாம் நான் ஏற்றியவை.

ஜூன் பதினொன்றாம் தேதி காலை ஃபேர்பேங்க்ஸுக்குக் கிளம்பினோம். லாஸ்ட் ட்ரெயில் கணவாய் ஏறும்போதே என்ஜின் மூச்சு வாங்கியது. உச்சியில் நிறுத்தி ஆளுக்கொரு சாண்ட்விச் தின்றோம், பாத்தியா, ஏறிட்டான் என்று டிரக்கைத் தட்டிக்கொடுத்தார், அத்தனை சந்தோஷமாக அவரைப் பார்த்து வருஷக்கணக்காயிற்று. சூலா பக்கம் இறங்கும்போது பிரேக் தீய்ந்த வாடை வந்தது. மெதுவா போங்க என்றேன், மெதுவாத்தான்டி போறேன், அதுதான் தள்ளுது என்றார். மூன்றாவது வளைவில் வலது பின் டயர் வெடித்தது. கேம்பர் ஒரு பக்கம் சாய்ந்து எங்களையும் இழுத்துக்கொண்டு சரிவில் புரண்டது. எனக்குத் தோளெலும்பு மட்டும் முறிந்தது. அவருடைய கால் உள்ளே மாட்டிக்கொண்டது, வண்டியை வெட்டி அவரை வெளியே எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும், லவோன், உனக்கு ஒண்ணுமில்லியே, ஒண்ணுமில்லியே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டோபி ஓடிப்போய் இரண்டு நாள் கழித்து சாலை வேலைக்காரர்களின் சாப்பாட்டுப் பையில் தலையை விட்டுக்கொண்டு அகப்பட்டது. இந்த வீட்டில் புத்தியோடு தப்பித்தது அது ஒன்றுதான்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். போன மாதம் நொறுங்கிய டிரக்கிலிருந்து எங்கள் சாமானை எடுக்கப் போனேன். முன்பெட்டியில் காப்பீட்டுத் தாளுக்கு நடுவே ஒரு எடைச் சீட்டு மடித்து வைத்திருந்தது. சாலிஸ் ஊர் எடைமேடைச் சீட்டு, அறுபது மைல் தள்ளி. இங்கே போட்டால் குவாரிப் பெண்கள் என்னிடம் சொல்லிவிடுவார்கள் என்று அங்கே போயிருக்கிறார். தேதி ஜூன் பத்து. வண்டியும் பாரமும் சேர்த்து மொத்தமாக அனுமதித்தது ஆறாயிரத்து எண்ணூறு. சீட்டில் ஏழாயிரத்து எண்ணூற்றிப் பத்து. நானும் டோபியும் ஏறுவதற்கு முன்பே ஆயிரத்துப் பத்து பவுண்டு அதிகம். தெரிந்துதான் ஓட்டியிருக்கிறார், ரீட்.

சீட்டைக் கட்டிலில் அவர் முன்னால் வைத்தேன். அதன் மடிப்பை விரலால் நீவிவிட்டார். பிறகு, உங்கிட்ட காட்டினா நீ ஏறமாட்டே, பையன் இருபதாம் தேதி லீவு போட்டு வாசல்ல நிப்பான், ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான் வாங்கன்னு வாய் தொறந்து கூப்பிட்டிருக்கான், வரலேன்னு எப்படிடி சொல்றது என்றார். இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது முறித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் முறிக்கிறேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை ஜொலீன் பேசினாள். பாவம், கள்ளங்கபடம் இல்லாமல், ஜூன் இருபதாம் தேதி வாரம் நாங்க ஹோமர் ஊர்க் கடல்ல மீன் பிடிச்சுக்கிட்டிருந்தோம் அத்தை, படகை ஏப்ரல்லயே பேசி வெச்சிட்டோம், நீங்க அப்ப வர்றதா இருந்ததை அவர் என்கிட்ட சொல்லவே இல்லையே என்றாள். மறந்துபோனாயா, வேண்டாம் என்று இருந்தாயா, எனக்குத் தெரியவேண்டாம். விபத்து நடக்காமல் இருந்திருந்தால் பூட்டின வீட்டு முன்னால் போய் இறங்கியிருப்போம்.

இதை உன் அப்பாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இன்றைக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம், பையன் லீவை வீணாக்கிட்டோமே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். நீயே வா. தனியாக வந்து, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்தைப் பார்த்து உன் வாயால் சொல். அவர் உன்னை மன்னித்துவிடுவார், அது எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு ஆத்திரமே.

வைலிக்கு என் முத்தம். அவன் தீர்க்காயுசாக இருக்கட்டும், ஜொலீன் நல்ல பெண், அவளைத் திட்டாதே. உன்னையும் கடவுள் காப்பாற்றட்டும், பெற்றவள் வேறென்ன சொல்வாள். பனி விழ ஆரம்பித்தால் இங்கே பாதை அடைத்துவிடும், அதற்கு முன்னால் வரப் பார். பூ அனுப்பாதே.

உன்னைப் பெற்றவள்,
லவோன்