கேஜ் என்ற ஒரு வரி

கார்த்திகை 25, வியாழன் இரவு.

இன்று முருகன் கோயிலில் இருந்தவர்கள்: நான், ஆர்மோனியம் வாசிக்கும் செல்வி, பெங்களூரிலிருந்து வந்த ரேணுகா.

மார்கழிக்கு நாங்கள் அச்சடிக்கப்போகும் பஜனைப் புத்தகத்தை ரேணுகா புரட்டினாள். முதல் பாட்டு, எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் வேலை பார்த்த அவள் அப்பா எழுதியது.

"யாரைக் கேட்டு போட்டீங்கக்கா?" என்றாள்.

"எழுதி அறுபது வருஷம் தாண்டிடுச்சேம்மா. இனி எல்லாருக்கும் பொதுதானே?" என்றேன்.

"எழுதின நாள்லேர்ந்து இல்லக்கா. எழுதினவரு செத்த பிறகு அறுபது வருஷம். அப்பா போயி இருபதுதான் ஆவுது."

சாமி பாட்டுக்கும் சட்டம் உண்டு என்று இன்றுதான் தெரிகிறது.

"இன்னும் நாப்பது வருஷம் வாயை மூடிக்கினு இருக்கணுமா? எனக்குப் பல்லே இருக்காதுடி" என்றாள் செல்வி.

ரேணுகா சிரிக்கவில்லை. "பாடுங்க, யாரு வேணாம்னா? அச்சடிக்கத்தான் கேக்கணும். அப்பா எழுதின வரி எங்க?"

'கேஜில் இறங்கும் பிள்ளைகளைக் காப்பாய்' என்பது அவர் வரி. கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டு. சுரங்கம் மூடி, பிள்ளைகள் வெளியூர் வேலைக்கு ரயிலேறத் தொடங்கியதும் 'ரயிலில் போகும் பிள்ளைகளை' என்று பாட ஆரம்பித்தோம். அப்படியே புத்தகத்திலும் சேர்த்துவிட்டேன்.

"கேஜை எடுத்துட்டு அவர் பேரை மட்டும் போட்டிருக்கீங்க. அச்சடிக்கலாமான்னு எங்க அண்ணனைக் கேட்டு சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

பழைய வரியையே போட்டுவிடலாம். ஆனால் என் மகன் விடியுமுன் ரயிலேறும்போதெல்லாம் நான் முணுமுணுப்பது மாற்றிய வரியைத்தான்.

மார்கழி நெருங்கிவிட்டது ரேணுகா. சரியோ இல்லையோ, சீக்கிரம் ஒரு பதில் சொல்லிவிடும்மா.