மூன்றாவது சரணம்

மார்ச் 3, செவ்வாய்
கணவருக்காக இத்தா இருந்து முடித்து எட்டு நாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது பழைய பாட்டுக் குழுவின் சேஃப் வந்தார். தலை நரைத்துவிட்டது, அதே பிடில் பெட்டி, அதே வாய்.
"பீபி ஸுவேனா, வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துட்டார், இனி யாரைக் கேட்கணும்? அடுத்த வாரம் சனிக்கிழமை கல்யாணக் கச்சேரி. ஸான்ஸிபார் முழுக்கத் தேடிட்டேன், தாராப் பாட்டுப் பாட ஆளே இல்ல. எல்லாம் கத்துதுங்க."
நான் பாடி இருபத்தாறு வருடமாயிற்று என்றேன்.
"குரல் என்ன மாம்பழமா, அழுகிப்போக?"
சிரித்துவிட்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு
பாடிப் பார்த்தேன், மேல் ஸ்தாயியில் குரல் உடைகிறது. எல்லோரும் தொட்டில் பாட்டைத்தான் கேட்பார்களாம். அந்தக் காலத்தில் மூன்றாவது சரணம் வந்தால் பெண்கள் உட்கார மாட்டார்கள். யாரைக் குத்த வேண்டுமோ அவளைப் பார்த்துக்கொண்டே வந்து, சரியாக அந்த வரியில் என் கையில் பண நோட்டைத் திணிப்பார்கள். சபைக்கே விளங்கிவிடும்.
'தொட்டிலை விட்டுப் போனவளே, யாருக்கடி இப்போ தாலாட்டு?'
அதைப் பாடிக்கொண்டிருந்த இரவில்தான் — வேண்டாம்.

மார்ச் 11, புதன்
மகள் ருக்கியா வந்தாள். உட்காரவில்லை.
"பாடப் போறியாமே?"
முறத்தைக் கையில் எடுத்தேன்.
"தம்பிக்குக் காய்ச்சல் கொதிக்குது, அப்பா கப்பல்ல, நீ பெம்பாத் தீவுல பாடிக்கிட்டிருந்தே. எனக்கு ஏழு வயசும்மா. ஈரத்துணி மாத்தி மாத்திப் போட்டேன். விடியறப்ப ஜில்லுன்னு கெடந்தான்."
சாதாரணக் காய்ச்சல்னுதானே போனேன்? அதுக்குத்தானே இத்தனை வருஷம் வாயைப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன்? போதாதாடி என்று கேட்டேன்.
"அப்பா சொன்னார், நிறுத்தினே. நீயா நிறுத்தல."
போகும்போது, "அந்தப் பாட்டை மட்டும் பாடிடாதே" என்றாள். சரி என்றேன்.

மார்ச் 14, சனி
பாடினேன்.

மார்ச் 15, ஞாயிறு
இரண்டு பாட்டோடு இறங்கிவிடத்தான் நினைத்தேன். குரல் திறந்துகொண்டது. "தொட்டில்! தொட்டில்!" என்று கூட்டம் கத்தியது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆசை. வேறென்ன?

மூன்றாவது சரணத்தில் பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். ருக்கியா. என் பிள்ளை என் பாட்டுக்கு எழுந்து வருகிறாள் என்று, பாவி நான், பூரித்துப்போனேன். அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு வந்து, அந்த வரியில், நோட்டை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். யாரோ குலவையிட்டாள், பக்கத்திலிருந்தவள் அவள் வாயைப் பொத்தினாள்.

பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 22
ருக்கியா வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளே வெங்காயம் வதங்கும் வாசனை.

ஏப்ரல் 2, வியாழன்
நாளை மறுபடி கச்சேரி. சேஃப் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தச் சரணத்தை விட்டுடலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."
விட வேண்டாம் என்றேன். இத்தனை வருடத்தில் அவள் என் கையைத் தொட்டது அந்த ஒரு வரியில்தான்.