பெண் வயிறு என்றார்கள்

8 ஜூலை 2025
மேல்வயலில் நடவு முடிந்தது. மத்தியானம் போனில் ஒரு கட்டுரை படித்தேன். கர்ப்பிணிக்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாமாம், அதிலும் ஆண் பிள்ளைக்குக் கூடுதலாக. என் மகள் வானதிக்கு ஏழாம் மாதம். சர்க்கரை என்று சொல்லி ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரி கமலாம்பாள் சிரிக்கிறாள். "படிச்சது எட்டாங்கிளாஸு, பேச்சு மட்டும் பெரிய டாக்டரு." முப்பது வருஷமாக இதே பேச்சு.

15 ஜூலை
டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். "ஐயா, அதுல பாதி எலிகள்ல பாத்தது. மனுஷங்கள்ல இன்னும் தீர்மானமாத் தெரியல. ஆணோ பொண்ணோ, சர்க்கரை ஏறக்கூடாது" என்றார். எலிக்கு வந்தால் நமக்கு வராதா? வீட்டில் எலிப் பேச்சை எடுக்கவில்லை. ஆண் பிள்ளைக்கு ஆபத்து, டாக்டரே ஒத்துக்கொண்டார் என்றேன். அன்று ஒருத்தரும் சிரிக்கவில்லை.

3 ஆகஸ்ட்
ஆடிப்பெருக்கு. திருவையாற்றுப் படித்துறையில் கூட்டம். காவேரிக்கு மசக்கை என்று காப்பரிசி படைத்தார்கள். கர்ப்பிணிக்குத்தான் முதல் பிடி. மச்சினி பொன்னுத்தாய் வானதியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வயிறு பரந்து கெடக்கு. பொண்ணுதான்டி. பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு அத்தானே சொல்லிட்டாருல்ல, தின்னு."

வெல்லம் சொட்டுகிறது அதில். நான் எப்போது அப்படிச் சொன்னேன்? கத்தினேன். வானதி வாயில் அரிசியோடு, "நீங்கதானேப்பா சொன்னீங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். படியேறி வந்துவிட்டேன். எப்படியோ போங்க.

12 ஆகஸ்ட்
யாரோடும் பேச்சில்லை.

20 ஆகஸ்ட்
ஃபிரிட்ஜில் ஊசி மருந்து குறையாமல் இருக்கிறது. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு ஊசி என்று விட்டுவிட்டார்கள் போல. கேட்கவில்லை. கேட்டால் மட்டும் என் பேச்சை யார் மதிக்கப்போகிறார்கள்?

6 செப்டம்பர்
ஆபரேஷன். ஆண் குழந்தை. நாலரைக் கிலோ. கமலாம்பாள் "ஆம்பளப் புள்ளையா?" என்று நர்ஸிடம் இரண்டு தடவை கேட்டாள். பிறகு சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

7 செப்டம்பர்
குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிட்டதாம். வலிப்பு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். சின்னக் கால் — வெட்டி வெட்டி இழுக்குது. பாக்க முடியல. எவ்வளவு சொன்னேன். சொன்னேன்ல? சொன்னேன்.

30 செப்டம்பர்
வீட்டுக்கு வந்தாயிற்று. பால் குடிக்கவே எழுப்ப வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளை மஸ்கட்டிலிருந்து தினமும் வீடியோவில் கூப்பிட்டு, "முழிக்கச் சொல்லுங்க மாமா" என்கிறார்.

19 பிப்ரவரி 2026
தஞ்சாவூரில் பரிசோதனை. ஐந்து மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, முகம் பார்க்கவில்லை. மூளையில் பாதிப்பு இருக்கிறது, எதனால் என்று ஒன்றை மட்டும் சொல்ல முடியாது என்றார்கள். கமலாம்பாள் பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள். நான் பிள்ளையை மடியில் வைத்திருந்தேன். பாதி வழியில் வானதி கேட்டாள்.

"அப்பா, இது பொண்ணாப் பொறந்திருந்தா நல்லாருந்திருக்குமா?"

ஜன்னல் பக்கம் பார்த்தேன். அறுவடை முடிந்த வயல்கள்தான் போய்க்கொண்டிருந்தன.

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் கை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"இத அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல."