கைரேகை மிஷினுக்கு வைத்த பொட்டு

அக். 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஒதியம்பட்டிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே. வில்லியனூர் வருவதற்குள் புடவை பாதி ஈரம்.

ஆயுத பூஜை லீவு முடிந்து கடை திறந்தோம். ஜெராக்ஸ் ஓடுகிறது. கைரேகை மிஷின் ஓடவில்லை. அதில் விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ‘மிஷின் இணைக்கப்படவில்லை’. வயரைப் பிடுங்கி மாட்டினேன். ம்ஹும்.

பென்ஷனுக்காக, உயிரோடு இருப்பதாக ரேகை வைக்க உறுவையாற்றுப் பெரியவர் ஒருவர். கரும்பு வெட்டிய கை. மிஷின் ரிப்பேர் என்றாலும் கேட்காமல் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார். “ரேக தேஞ்சி பூட்சாம்மா?” பிறகு வரச் சொன்னேன்.

அக். 15, செவ்வாய்

கனமழை. வாங்க வேண்டியது: பருப்பு, சோப்பு. குடைக்கம்பி மாற்ற.

மிஷின் அப்படியே. குங்குமம் உள்ளே இறங்கியிருக்குமோ என்றார் கடைக்கார அண்ணன். பூஜையன்று பொட்டு வைத்தது நான். “உன் மிஷினுக்கு நீயே வெச்சிடு செல்வி” என்றது அவர். பக்கவாட்டில் சின்னதாகத்தான் வைத்தேன், விரல் வைக்கும் கண்ணாடி மேல் இல்லை. சொன்னேன். துடை என்றார். துடைத்தேன்.

மாலை, கல்லாவில் அண்ணனின் மனைவி, அண்ணி, போனில் யாரிடமோ: “புருஷன் இல்லாதவ கையால வெச்சா இன்னா ஆவும்? நல்ல நாளும் அதுவுமா.” எனக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசினார். ஜெராக்ஸில் பக்கம் மாறிவிட்டது, மறுபடி எடுத்தேன்.

என் வீட்டுக்காரர் போய் இரண்டாவது ஆயுத பூஜை. அவர் பைக்குக்கும் வருஷா வருஷம் நான்தான் பொட்டு வைப்பேன். அந்த பைக்கில்தான் அடிபட்டுப் போனார். எனக்கே சந்தேகம் வருகிறது. அதுதான் எரிச்சல்.

அக். 16, புதன்

மழை. கடையில் ஆளில்லை.

அண்ணி எலுமிச்சம்பழம் கொண்டுவந்து மிஷினைச் சுற்றி, வாசலில் நசுக்கினார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். வேறு ஆள் பார்க்கலாம் என்று அண்ணனிடம் சொன்னது காதில் விழுந்தது. அண்ணன் ஜெராக்ஸ் பேப்பர் கட்டைப் பிரிக்கப் போய்விட்டார்.

இந்த வேலையும் போனால் எங்கே போவது. மாமியாரிடம் சொல்லவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை.

அக். 17, வியாழன்

மழை விட்டது.

சும்மா இருக்க முடியாமல் பிரவுசரில், மிஷினை அதோடு இணைக்கிற பிளக்-இன் பட்டியலைத் திறந்தேன். ஒரே பெயர் இரண்டு தடவை. ஒன்று பழைய வெர்ஷன், ஒன்று புதுசு. பூஜையன்று மாலை சர்வீஸ்காரர் வந்து மிஷின் சாஃப்ட்வேரை அப்கிரேடு பண்ணினார். பழைய பிளக்-இன்னை எடுக்காமல் போயிருக்கிறார். பிரவுசர் அதையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது, அதற்குப் புது சாஃப்ட்வேரைத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

பழையதை நீக்கினேன். என் விரலை வைத்தேன். ரேகை விழுந்தது.

அழுகை வந்துவிட்டது. பாத்ரூம் போய் முகம் கழுவினேன்.

அண்ணனிடம் விளக்கிச் சொன்னேன், தலையாட்டினார். அண்ணி: “நேத்து எலுமிச்ச சுத்துனன் இல்ல, அதான்.” நான் மறுபடி ஆரம்பித்தேன். “எதுவோ ஒண்ணு, ஓடுதில்ல. விடும்மா” என்றார் அண்ணன்.

அக். 18, வெள்ளி

வெயில். வேலைக்கு ஆபத்தில்லை, அண்ணன் சொல்லிவிட்டார்.

வந்ததும் அண்ணி டீ வாங்கிவர அனுப்பினார். எப்போதும் டீக்கடைக்காரரே கொண்டுவந்து தருவார். திரும்பும்போது பக்கத்துக் கடை அக்கா குங்குமச் சிமிழோடு எங்கள் கடைப் படியிறங்கிப் போனார். என்னைப் பார்த்துச் சிரித்தார். மிஷினில் புதுப் பொட்டு. நட்ட நடுக் கண்ணாடியில்.

உறுவையாற்றுப் பெரியவர் வந்து காத்திருந்தார். விரல் வைத்தார். விழவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அண்ணி கல்லாவிலிருந்து என்னையே பார்த்தார்.

“உங்க வெரலு நல்லாத்தான் இருக்குதுபா” என்றேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தேன்.