வாணியம்பாடி மாப்பிள்ளை மரம்

காவலூர் மலை,
பங்குனி மாதம்

அன்புள்ள கலீல் பாய் அவர்களுக்கு, வெள்ளையன் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மாணிக்கம்மாளும் ஆடுகளும் சுகம். அந்தக் கனடாக் குளிரில் நீங்களும் மகன் வக்கார் தம்பி வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் பேசித்தான் பார்த்தேன். நான் கத்த, நீங்கள் "ஹலோ, ஹலோ" என்க, கடைசியில் ஊரே என் சமாச்சாரத்தைக் கேட்டுவிட்டது, நீங்கள் மட்டும் கேட்கவில்லை. அதனால் மருமகள் கல்பனாவை உட்கார வைத்துச் சொல்கிறேன். இதை அவள் போனில் படம் பிடித்து வக்காருக்கு அனுப்புவாளாம். காகிதம் பிறகு தபாலில் வரும். ஆகையால் வக்கார் தம்பி, நீயும் படிப்பாய் என்று தெரிந்தே பேசுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

விஷயம் கல்யாண விஷயம். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு உங்கள் வீட்டில் மாப்பிள்ளை கேட்கிறேன். சிரிக்காமல் மேலே படியுங்கள்.

சாமை வயலுக்குக் கீழே ஓடைக்கரையில் நிற்கிற ஈந்து மரம் உங்களுக்கு நினைவிருக்கும். பனையும் இல்லாமல் ஈச்சையும் இல்லாமல், உச்சியில் மட்டும் ஓலையை விரித்துக்கொண்டு நிற்குமே, அதுதான். அதன் பக்கத்திலேயே பூமரம் ஒன்று நின்றது. அன்னாசிப்பழம் மாதிரி பெரிய கூம்பாகப் பூ விட்டு, அது வெடித்தால் அந்தப் பக்கம் போக முடியாதபடி நாறும். இரண்டும் வேறு வேறு சாதி மரம் என்றுதான் என் பாட்டன் காலத்திலிருந்து நினைத்திருந்தோம். ஒன்று கொட்டைக்கு, ஒன்று நாட்டுமருந்துக் கடையில் மதனகாமப் பூ என்று விற்பதற்கு.

பெருமழையில் ஓடைக்கரை சரிந்தபோது பூமரம் அடியோடு போனது. அதற்குப் பிறகு ஈந்து காய்த்தது, ஆனால் உடைத்தால் எல்லாம் பொக்கு. மாணிக்கம்மாள் உடனே, பக்கத்து வயல் கோபால் கண் வைத்துவிட்டான் என்றாள். காய்க்காத மரத்துக்குச் செய்கிறபடி துடைப்பத்தால் நாலு சாத்துச் சாத்தி, பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டேன். எந்தச் செருப்பு தெரியுமா? நீங்கள் தைத்து வாங்கிக் கொடுத்த அதே தோல் செருப்பு. வார் அறுந்தும் தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருந்தேன். மரம் அதற்கும் அசையவில்லை.

இந்த மாசி மாதம் திருப்பத்தூர்க் கல்லூரியிலிருந்து தமிழரசி என்று ஒரு டீச்சரம்மா வந்தாள். மெய்யான பூ பூக்காமல், பழத்துக்குள் ஒளிக்காமல், விதையை வெளியே திறந்து வைக்கிற மரங்களைத் தேடி மலை மலையாகச் சுற்றுகிற பெண். செருப்பு தொங்குவதைப் பார்த்து, "இன்னா தாத்தா இது, மரத்துக்கு?" என்றாள். காய் பொக்காகப் போகிற கதையைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தாத்தா, இது பொண்ணு. வெள்ளத்துல போச்சே, அதுதான் ஆம்பள. புருஷன் இல்லாத பொண்ண துடைப்பத்தால அடிச்சிருக்கீங்க!"

மாணிக்கம்மாள் என் பக்கம் திரும்பி, "அடிச்சது இவருதான், நானில்ல" என்று கழன்றுகொண்டாள். பாட்டன் தவறு, அப்பன் தவறு, எல்லாம் என் தலையில் வந்து விடிந்தது.

தமிழரசியிடம் நீங்கள் அனுப்பிய படங்களைக் காட்டினேன். பனி மூடிய ஊசியிலை மரத்தின் கீழே கம்பளிக் குல்லாவோடு நிற்கிறீர்களே, அந்த மரம் எங்கள் ஈந்துக்குப் பங்காளியாம். வக்கார் கையில் வைத்திருக்கிற மரக்கூம்பும் அதே வழிதானாம். "பங்காளின்னா ஒரு சாடையாவது இருக்க வேணாமா? ஒருத்தன் வெயில்ல நிக்கிறான், ஒருத்தன் பனியில நிக்கிறான்" என்றேன். "உங்க வூட்லயே பெரியவரு ஒரு மாதிரி, சின்னவரு ஒரு மாதிரி இல்லியா?" என்று வாயை அடைத்துவிட்டாள். ஓடையோரம் மரமெல்லாம் சுற்றிக் கிடக்கிற தடித்த கொடி ஒன்று இருக்கிறதே, அதுகூட இந்தக் கூட்டத்தில் சேர்த்தியாம். மரம், கொடி, குட்டை, நெட்டை, பெரிய குடும்பம்தான்.

உங்கள் ஜன்னலுக்கு வெளியே விசிறி மாதிரி இலை விடுகிற மரம் இருக்கிறது, மத்தியானத்தில் அதன் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றியும் கேட்டேன். ஒரு காலத்தில் அதற்கு உலகம் பூராவும் சொந்தமாம். இப்போது அது ஒன்றுதான் பாக்கி. மற்ற சொந்தமெல்லாம் கல்லுக்குள்தான் இருக்கிறதாம். கேட்டதிலிருந்து நீங்கள் அதன் கீழே உட்கார்ந்திருப்பது எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. வேறு பெஞ்சு கிடையாதா?

கல் என்றதும் பையிலிருந்து ஒரு தட்டைக் கல்லை எடுத்துக் காட்டினாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கிடைத்ததாம். அதில் ஓலை பதிந்திருந்தது. மாணிக்கம்மாள் தடவிப் பார்த்து, "நம்ம ஈந்து ஓலைதானே?" என்றாள். சாடை அப்படித்தான், ஆனால் அது வேறு வம்சம், பூண்டோடு போய்விட்டது என்றாள் தமிழரசி. திருவக்கரையில் மரங்களே கல்லாகப் படுத்துக்கிடக்கின்றனவாம். நான் அந்தக் கல்லைத் திருப்பிக் கொடுத்தபோது எங்கள் ஓடைக்கரை மரத்தைப் பார்த்தேன். இந்த மலையில் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது அது ஒன்றுதான்.

"ஆம்பள மரம் வேற எங்கியாவது இருக்குதா, தாத்தா? நான் தேடின வரைக்கும் இல்ல" என்று தமிழரசி கேட்டாள். எனக்கு உடனே நினைவு வந்தது. தோல் பதம் போடக் கடுக்காய் மூட்டை எடுக்க வந்த நீங்கள், மகள் காஷிஃபா பிறந்த வருஷம், பூமரத்தின் அடியில் முளைத்திருந்த பக்கக் கன்றைச் சாக்கில் சுற்றி லாரியில் முன்சீட்டில் வைத்துக்கொண்டு போனீர்கள். கூட வந்த உங்கள் தம்பி எங்கே உட்காருவார் என்று டிரைவர் கேட்டதற்கு, "கன்னு முன்னாடி வரும், தம்பி பின்னாடி வருவான்" என்றீர்கள். அவர் வாணியம்பாடி வரை கடுக்காய் மூட்டை மேல் உட்கார்ந்து முறைத்துக்கொண்டே போனார்.

அந்தக் கன்றுதான் உங்கள் வீட்டுக் கிணற்றடியில் நிற்கிறது. தகப்பன் ஆண் என்றால் பக்கக் கன்றும் ஆண்தானாம். பூ விடும்போதெல்லாம் உங்கள் வீட்டில் ஃபக்ருன்னிசா அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்க சிநேகிதரு குடுத்ததாச்சேன்னு வெச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவார்கள். அவர்கள் கையால் வளர்ந்த மரம்.

இப்போது அதில் பூ வந்திருக்கிறது, வெடிக்கிற பதம் என்று காஷிஃபா போனில் சொன்னாள். இங்கே பெண்ணும் பழுப்புக் கம்பளி போர்த்தியது மாதிரி குருத்து விட்டிருக்கிறாள். ஆனால் வீட்டை விற்கப் போகிறீர்கள், வாங்குகிறவர் கிணற்றடியைச் சுத்தமாக்கி கிடங்கு கட்டுவார் என்றும் அவளே சொன்னாள்.

பாய், வீடு உங்களுடையது, நான் பேசக்கூடாது. அந்தப் பூவை மட்டும் அறுத்துக் கொடுக்கக் காஷிஃபாவுக்கு உத்தரவு கொடுங்கள். கிணற்றடியில் கடப்பாரை விழுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். வக்கார் தம்பி, இதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

உங்கள் நல்ல பதிலுக்குக் காத்திருக்கும்,
வெள்ளையன் (கைநாட்டு)


காவலூர் மலை,
கார்த்திகை மாதம்

அன்புள்ள கலீல் பாய் அவர்களுக்கு, மழை நன்றாகப் பெய்து சாமை வீடு வந்து சேர்ந்தது. மாணிக்கம்மாளுக்கு முழங்கால் வலி, வாய்க்கு ஒன்றும் இல்லை.

"பூவைக் கொடு, கேட்டதெல்லாம் கொடு" என்று நீங்கள் அனுப்பிய பதிலைக் கல்பனா எனக்கு மூன்று தரம் படிக்க வேண்டியதாயிற்று. கல்யாணம் நடந்த விதத்தை விவரமாக எழுதும்படி கேட்டிருந்தீர்கள். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், முடிவு தெரியாமல் எழுத வாய் வரவில்லை.

காஷிஃபா பூவை அறுத்து, செய்தித்தாளில் சுற்றி, பெரிய டிபன் தூக்கில் வைத்து மூடி, ஆலங்காயம் வழியாகப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். பாதி வழியில் பஸ் முழுக்க நாற்றம். கண்டக்டர் வந்து, "இன்னாம்மா, சோறு கெட்டுப் போச்சா? வெளிய கொட்டிட்டு வா" என்றாராம். "சோறு இல்லண்ணா, மாப்பிள்ளை. பொண்ணு வூட்டுக்குப் போறாரு" என்றிருக்கிறாள். பஸ்ஸே சிரித்ததாம். இறங்கும்போது கண்டக்டர், "கல்யாணத்துக்கு எங்களையும் கூப்பிடு, ஆனா மாப்பிள்ளையைக் குளிப்பாட்டிட்டு" என்றாராம்.

மாணிக்கம்மாள் மரத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். தமிழரசி பூவைத் தாளில் உதறி, மஞ்சள் பொடியை ஊதுகுழாயில் போட்டு, குருத்துக்குள் ஊதினாள். மூன்று நாள் காலையில் ஊதினோம். கடைசியில் காஷிஃபா இடுப்பில் கை வைத்து, "பொண்ணு வூட்டுக்காரங்க சீர் இன்னா தர்றீங்க?" என்று கேட்டாள். "ஒரு மூட்டை கடுக்காய்" என்றேன். "அத வெச்சு இன்னா பண்ண, இப்ப யாரு தோல் பதம் போடறா எங்க வூட்ல?" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

போன வாரம் கொட்டை பழுத்தது. உடைத்துப் பார்க்கலாம் என்றேன். மாணிக்கம்மாள் கையைத் தட்டிவிட்டாள். தமிழரசி சொன்னபடி வாளியில் தண்ணீர் பிடித்து ஒவ்வொன்றாகப் போட்டோம். பொக்கென்றால் தவளை மாதிரி மிதக்குமாம், உள்ளே பிடித்திருந்தால் முங்குமாம். முதல் கொட்டை டொப்பென்று அடிக்குப் போய் உட்கார்ந்தது. அடுத்ததும் போனது. சில மிதந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாய், அடியில் கிடந்தவை என் இரண்டு கையிலும் கொள்ளவில்லை. கோபால்கூட ஓடி வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தான். மாணிக்கம்மாள் அவனுக்கே முதல் காபி கொடுத்தாள்.

மரத்திலிருந்து செருப்பை அவிழ்த்துவிட்டேன்.

விதைகளை ஈர மணலில் போட்டு வைத்திருக்கிறேன். விழுந்த பிறகும் உள்ளே கரு வளர மாதக்கணக்கில் ஆகுமாம். ஆகையால் அவசரம் இல்லை என்கிறாள் தமிழரசி. அவளுக்கு என்ன, சின்னப் பெண். முளைத்தாலும் மெதுவாகத்தான் வளரும். நானும் நீங்களும் பார்க்கப் போவது இரண்டு ஓலையோ மூன்று ஓலையோதான். அது போதும் எனக்கு.

வீட்டு விற்பனையை விதை பழுக்கும் வரை நிறுத்தி வைத்த வக்கார் தம்பிக்கு என் ஆசீர்வாதம். விதை பழுத்துவிட்டது. இனி நீங்கள் என்ன செய்வீர்களோ எனக்குத் தெரியாது. நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். ஓடைக்கரைக்கு என்று கொஞ்சம், தமிழரசியின் கல்லூரிக்கு என்று கொஞ்சம் ஒதுக்கினேன். இருப்பதிலேயே கனமான ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அது ஃபக்ருன்னிசா அம்மா உறங்குகிற இடத்துச் சுவரோரம் போட வேண்டியது. காஷிஃபா ஜமாத்தில் கேட்டுவிட்டாள், சரி என்றுவிட்டார்கள். நானே போடட்டுமா என்று காஷிஃபா கேட்டாள். வேண்டாம் என்றேன். நானும் போட மாட்டேன். அதைப் போட வேண்டிய கை ஒன்றுதான்.

தை பிறந்தால் வெயில் இதமாக இருக்கும். மலைக்கு இப்போது காரே வருகிறது, நடக்க வேண்டியதில்லை. காது கேட்காவிட்டால் என்ன, நேரில் நான் கத்துகிறேன். வரும்போது வாணியம்பாடியில் எனக்கு ஒரு ஜோடி செருப்பு தைக்கச் சொல்லி வாங்கி வாருங்கள். என் கால் அளவு உங்களுக்குத் தெரியும்.

மணலை ஈரமாகவே வைத்திருக்கிறேன்.

உங்கள் சம்பந்தி,
வெள்ளையன் (கைநாட்டு)